அவளுக்கு ஒத்துக்காது

இலஞ்சியில் அந்தத் தெருவிலிருந்து பெண்டாட்டியை வெளிநாட்டுக்கு அனுப்பும் முதல் ஆள் பரமேஸ்வரன்தான். அந்தப் பெருமையை அவன் சும்மா விடவில்லை. தென்காசி பஜாரில் இருந்த அவனுடைய எலெக்ட்ரிக்கல் கடைக்கு ஒயர் வாங்க வந்தவர்களிடமும், பல்பு மாற்ற வந்தவர்களிடமும், வெறுமனே வழி கேட்க வந்தவர்களிடமும்கூட, "வீட்ல உகாண்டா போறா, மூணு மாசம், யுனிவர்சிட்டில கூப்பிட்டிருக்காங்க" என்று சொல்லிவிட்டுத்தான் அடுத்த பேச்சுக்குப் போனான். கேட்டவர்கள் எல்லாரும், "அண்ணாச்சி, உங்கள மாதிரி மனசு யாருக்கு வரும்?" என்றார்கள். போகிறவள் என்ன படித்தாள், எதற்காகக் கூப்பிட்டார்கள் என்று ஒருத்தரும் கேட்டதாகத் தெரியவில்லை. பாராட்டு முழுவதும் அனுப்புகிறவன் கணக்கிலேயே சேர்ந்தது.

உமா மகேஸ்வரிக்கு அதில் வருத்தமில்லை. ஊருக்கு வெளியே இருந்த ஒரு வேளாண் கல்லூரியில் அவள் உதவிப் பேராசிரியை. வாழையைத் தாக்கும் வாடல் நோய்தான் அவளுடைய ஆராய்ச்சி. நம்மூரில் சோறு தின்கிற மாதிரி உகாண்டாவில் வாழைக்காயைத் தின்கிறார்கள். அந்த நோயோடு பல வருஷமாக மல்லுக்கட்டிக்கொண்டும் இருக்கிறார்கள். அங்குள்ள பல்கலைக்கழகத்தின் ஆய்வுக்கூடத்தில் மூன்று மாதம் வேலை செய்ய அவள் ஒரு தடவை விண்ணப்பித்துத் தோற்று, மறு தடவை கிடைத்துப் போகிறாள். கடிதம் வந்த அன்று வீட்டில் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் அதைப் பையிலேயே வைத்திருந்தாள். மாமனார் ஆவுடைநாயகம் சிவதீட்சை வாங்கினவர், தினமும் பூசை முடித்துத்தான் தண்ணீரே குடிப்பார். மாமியார் முத்துவடிவு தென்காசி தாண்டினாலே ஒருவாரம் புலம்புகிறவள். அவர்கள் வாய் திறக்கும் முன்னால் பரமேஸ்வரன்தான் முந்திக்கொண்டு, "போயிட்டு வரட்டும்ப்பா. பிள்ள குட்டி ஆகிட்டா பெறகு எங்க போக?" என்றான். அன்று அவன் காலைக் கழுவிக் குடிக்கலாம் போல அவளுக்கு இருந்தது.

அதோடு நிற்கவில்லை அவன். கல்லூரியில் வெளிநாட்டுத் தொடர்புகளைக் கவனிக்கும் முஃபீத், பயணம் போகிறவர்களுக்கு ஒரு வகுப்பு வைத்தார். எப்படிப் பத்திரமாகப் போய்ப் பத்திரமாகத் திரும்புவது என்பதுதான் பாடம். பரமேஸ்வரன் கடையை அடைத்துவிட்டு அவள்கூடவே போய் முதல் பெஞ்சில் உட்கார்ந்தான். பாஸ்போர்ட்டுக்கு நகல் எடுத்து வீட்டில் ஒன்று வைக்கவேண்டும், மாத்திரைகளை அட்டையோடு கொண்டுபோக வேண்டும், தனியாக வந்திருப்பதாக டாக்ஸிக்காரனிடம் சொல்லக்கூடாது என்று முஃபீத் சொல்லச் சொல்ல அவன் தலையாட்டினான். உகாண்டாவில் பிளக் பாயின்ட் வேறு மாதிரி என்று கேட்டதும், அன்றைக்கே கடையில் உட்கார்ந்து அந்தச் சதுரக் கால் பிளக்கைப் பொருத்தி அவளுக்கென்று ஒரு ஜங்ஷன் பாக்ஸ் செய்தான்.

வகுப்பின் கடைசியில் முஃபீத் ஒன்று சொன்னார். "வீட்ல யாராவது ஒருத்தர்கிட்ட ஒரு வார்த்தைய முடிவு பண்ணி வச்சுக்கிடுங்க மேடம். ஆபத்துல இருக்கும்போது பக்கத்துல ஆள் நிக்கும், வெளிப்படையா பேச முடியாது. அப்ப சும்மா பேசுத மாதிரி அந்த வார்த்தைய போட்டுப் பேசுனா அவங்களுக்கு வெளங்கிரணும். ரெண்டு பேருக்கு மட்டும்தான் தெரியணும். மூணாவது ஆளுக்குத் தெரிஞ்சா அது செல்லாது."

அன்றைக்கு அறைக்குள் உட்கார்ந்து இரண்டு பேரும் வார்த்தை தேடினார்கள். வாழை என்றாள் உமா. "நீ வாயத் தொறந்தாலே வாழதான, தெனமும் ஆபத்துன்னு நான் ஓடிவரவா?" என்று அவன் கேலி செய்தான். சாரல் என்றாள். அங்கேயும் மழை பெய்யும் என்றான். பிறகு கதவை ஒருதரம் பார்த்துவிட்டு, அவள் காதுக்கு அருகே வந்து, "ஆம்லெட்" என்றான்.

அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அந்த வீட்டில் அந்த வார்த்தையைச் சொல்ல வேறு யாருக்கும் நாக்கு எழாது. அது அவர்கள் இருவருடைய திருட்டு.

கல்யாணமான முதல் ஆனி மாதச் சாரலில் தொடங்கியது அது. குற்றாலத்தில் மெயின் அருவியில் குளித்து, பல் கிட்டிப் போய் வெளியே வந்தவளை பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு தள்ளுவண்டிக்குக் கூட்டிக்கொண்டு போனான். தட்டை நீட்டினான். பிறந்த வீட்டிலும் புகுந்த வீட்டிலும் முட்டை ஓட்டைக்கூடக் காணாதவள் அவள். முதல் வாய் பயத்தில் போனது; மிச்சம் போன இடம் தெரியவில்லை. அந்த சீசன் முழுக்க சாக்குச் சொல்லிச் சொல்லிப் போனார்கள். திரும்பும்போது ஏலக்காயை மென்றுகொண்டே வருவார்கள். கல்யாணத்தில் தாலி கட்டியபோது வராத நெருக்கம் அந்த வண்டிப் பக்கம் ஒற்றைக் குடைக்குக் கீழேதான் அவளுக்கு வந்தது. அடுத்த வருஷம் மாமனார் தீட்சை வாங்கி, பூசைக்குப் பூப் பறித்துக் கொடுக்கும் வேலை உமாவுக்கு வந்தது. "இனிமே வேண்டாம்ட்டி, ரெண்டு பேருமே நிறுத்திருவோம். அப்பா பூசைக்கு நீ தொட்ட பூ போகுது" என்று பரமேஸ்வரனே சொன்னான். அவளும் நிறுத்தினாள். அதற்குப் பிறகு கூட வேலை பார்க்கும் ஜெபமலர் கிறிஸ்துமஸுக்குக் கொண்டுவந்த கேக்கைக்கூட, "இதுல அது இருக்குமா?" என்று கேட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

ஆப்பிரிக்கா போக வேண்டுமானால் மஞ்சள் காய்ச்சலுக்கு ஊசி போட்டுச் சான்று வாங்கவேண்டும். இல்லாவிட்டால் அந்த நாட்டுக்குள் விடமாட்டார்கள். எப்படியோ போய்விட்டுத் திரும்பினாலும் நம் ஊர் விமான நிலையத்திலேயே தனியாக அடைத்துவைப்பார்கள். போட்ட உடனேயும் செல்லாது. பத்து நாள் போனால்தான் சான்றுக்கு உயிர் வரும். தென்காசியில் அந்த ஊசி கிடையாது, தூத்துக்குடிக்குப் போகவேண்டும். அதுவும் வாரத்தில் ஒரு நாள்தான். நாமிருவரும் பஸ்ஸில் போய் வந்துவிடலாம் என்றாள் உமா. பரமேஸ்வரன் கேட்கவில்லை. "அப்பா அம்மாவையும் கூட்டிட்டுப் போவோம். அப்பிடியே திருச்செந்தூர் போயி சாமி கும்பிட்டுட்டு வந்துருவோம்" என்று கார் பிடித்தான். எவ்வளவு யோசிக்கிறான் பார் என்று அவள் மனசுக்குள் மெச்சிக்கொண்டாள். ஏன் யோசித்தான் என்பது பிறகுதான் தெரிந்தது.

ஊசி போடும் இடத்தில் பெரும்பாலும் கப்பலில் வேலை செய்கிறவர்கள் வரிசையில் நின்றார்கள். வராந்தாவில் ஒரு மேசையைப் போட்டு ஒரு டாக்டரம்மா உட்கார்ந்திருந்தார். எல்லாருக்கும் ஒரே கேள்விகள்தான், சத்தமாகத்தான். காய்ச்சல் இருக்கிறதா, வேறு மாத்திரை சாப்பிடுகிறீர்களா, முட்டை சாப்பிட்டால் ஏதாவது செய்யுமா. கப்பல்காரர்கள் கடைசிக் கேள்விக்குச் சிரித்துவிட்டு நகர்ந்தார்கள். உமாவின் முறை வந்தபோது பரமேஸ்வரன் பக்கத்தில் வந்து நின்றான். பெஞ்சில் இருந்த அப்பாவையும் கைகாட்டி வரவழைத்தான்.

"முட்டை கேள்வி எதுக்கு டாக்டர்?" என்று அவனே ஆரம்பித்தான்.

"இந்த மருந்தையே கோழி முட்டையிலதான் வளர்த்து எடுக்காங்க. அதனாலதான்."

பரமேஸ்வரன் திரும்பி அப்பாவைப் பார்த்தான். "அப்பா, கேட்டீங்களா? முட்டையிலயாம்." ஆவுடைநாயகம் துண்டைத் தோளில் சரிசெய்துகொண்டு கொஞ்சம் யோசித்தார்.

"அதுக்கென்னடே" என்றார் பெரியவர். "மருந்துல போயி சைவம் அசைவம் பாக்கவா? ருசிக்காகவா போடுதா? பிள்ளைக்கு நோய் வரக்கூடாதுல்லா. போட்டுக்கிடட்டும்."

உமாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த மனுஷன் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாமா என்றிருந்தது. அந்தச் சந்தோஷத்தில் புருஷன் முகத்தை அவள் பார்க்கவில்லை.

"சரி, சொல்லுங்கம்மா. முட்டை அலர்ஜி உண்டா?" என்றார் டாக்டர்.

"உண்டு டாக்டர்" என்றான் பரமேஸ்வரன். "அவளுக்கு ஒத்துக்காது. சின்னதுல பள்ளிக்கூடத்துல தெரியாம யாரோ குடுத்து, மூஞ்சி வீங்கி, மூச்சு முட்டி, ஆஸ்பத்திரில சேத்துருக்காங்க. எங்க மாமியார் சொல்லுவாங்க."

உமாவின் அம்மா செத்துப் போய் இரண்டு வருஷம் ஆகிறது. போய்க் கேட்க முடியாத சாட்சியாகப் பார்த்துத்தான் பிடித்திருக்கிறான்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "அப்படின்னா போட முடியாது. உயிருக்கே ஆபத்து." பிறகு நேராக உமாவைப் பார்த்தார். "அதுக்குப் பெறகு எப்பவாவது முட்டை சாப்பிட்டு, ஒண்ணும் ஆகாம இருந்திருக்கீங்களா? அப்படின்னா சொல்லுங்க, பிரச்சனையில்ல."

சொல்லியிருக்கலாம். ஒரு வாய் பேசியிருந்தால் அந்த நிமிஷமே ஊசி ஏறியிருக்கும். ஆனால் அவள் பதில் சொல்லும் முன்பே மாமனார் சிரித்துவிட்டார். "எங்க வீட்டுப் பிள்ளையவா கேக்கீங்க? முட்டை எந்த நெறம்னு கேட்டாக்கூட அதுக்குத் தெரியாதும்மா." அந்தச் சிரிப்பில் அவ்வளவு பெருமை இருந்தது. பின்னால் பெஞ்சிலிருந்து முத்துவடிவும் ஆமாம் போட்டாள். உமா புருஷனைப் பார்த்தாள். அவன் குனிந்து மேசைமேல் இருந்த மருந்துப் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் தலையை இல்லை என்று ஆட்டினாள்.

அடுத்த வாரம் அதே நாளில் வந்தால்தான் உண்டு, அதைவிட்டால் பயணத் தேதிக்குள் சான்று செல்லாது. திருச்செந்தூரில் கோயிலுக்குள் நிற்கும்போதும் அவளுக்கு ஒன்றும் ஓடவில்லை. ஏதோ பதற்றத்தில் உளறிவிட்டான், வீட்டுக்குப் போனதும் விளக்கம் சொல்லுவான் என்று தன்னைத் தானே தேற்றிக்கொண்டாள். வரும் வழியெல்லாம் அவன் டிரைவரிடம் கரண்ட் பில்லைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தான்.

வீட்டுக்கு வந்து மொட்டைமாடியில் துணி எடுக்கப் போகிறவள் மாதிரிப் போய், அவனை மேலே கூப்பிட்டாள்.

"ஏன் அத்தான் அப்பிடிச் சொன்னீங்க?"

"எல்லாம் உன் பத்திரத்துக்குத்தான்."

"எனக்கு அலர்ஜி கெடையாதுன்னு ஒங்களுக்குத் தெரியாதா? நீங்கதான வாங்கிக் குடுத்தீங்க?"

"மெல்லப் பேசுட்டி." அவன் படியை எட்டிப் பார்த்தான். "மூணு மாசம், கண்காணாத தேசம். நெனச்சா எனக்குத் தூக்கம் வரல."

"அப்ப ஆரம்பத்துலயே போக வேண்டாம்னு சொல்லிருக்கலாம்லா?"

அவன் கொடியில் கிடந்த ஒரு கிளிப்பை எடுத்து விரலில் மாட்டி மாட்டிக் கழற்றினான். "ஊரே என்னைத் தூக்கி வச்சிப் பேசுது. எப்பிடி வேண்டாம்னு சொல்ல? நெசமாவே நீ போயிருவேன்னு நான் அப்ப நெனைக்கல. விசா கெடைக்காது, அப்பா விடமாட்டாருன்னு நெனச்சேன். அப்பா இன்னைக்குப் பாத்து இப்பிடிப் பேசுவாருன்னு யாரு கண்டா?"

அப்போதுதான் அவளுக்கு கார் எதற்கு வந்தது என்று புரிந்தது. மருந்து முட்டையில் தயாராவதை முன்பே விசாரித்து வைத்துக்கொண்டு, அப்பாவை விட்டு மறிக்கத்தான் அவ்வளவு தூரம் கூட்டிக்கொண்டு போயிருக்கிறான். அந்த மனுஷன் மறிக்காததால் தானே இறங்கியிருக்கிறான். வேண்டாம் என்று சொன்ன பழி மட்டும் தன்மேல் விழுந்துவிடக் கூடாது; அது அப்பா தலையில் விழலாம், டாக்டர் தலையில் விழலாம், செத்துப்போன மாமியார் தலையில்கூட விழலாம்.

"பொய்யின்னா நீ அங்கனயே மறுத்துச் சொல்லிருக்க வேண்டியதான?" என்றான் அவன். "நானா ஒன் வாயப் பொத்துனேன்?"

அவள் மறுக்கமாட்டாள் என்று தெரிந்துதானே சொன்னான்? எந்த ரகசியத்தை அவள் தன் கல்யாணத்தின் நல்ல பகுதி என்று இத்தனை வருஷம் பொத்திப் பொத்தி வைத்திருந்தாளோ, அதையே எடுத்து அவள் வாயில் துணியாக அடைத்துவிட்டான். சண்டை போட்டிருந்தால் பொறுத்திருப்பாள். போகக்கூடாது என்று கையை நீட்டி மறித்திருந்தால்கூட அழுதுவிட்டு மன்னித்திருப்பாள். இதை என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. துணியை எடுக்காமலே கீழே இறங்கிவிட்டாள்.

மறுநாள் கல்லூரியில் முஃபீத் கூப்பிட்டு அனுப்பினார். "உங்க வீட்டு சார் போன் பண்ணுனாங்க மேடம். ஊசி ஒத்துக்காதாமே? ரொம்ப வருத்தமா இருக்கு. அடுத்த வாரத்துக்குள்ள சான்று வரலேன்னா அந்த எடத்த வேற ஆளுக்குக் குடுத்துருவோம்னு அங்கருந்து எழுதியிருக்காங்க." அவள் வெளியே வந்தாள். முகத்தைப் பார்த்ததும் ஜெபமலர், "ஏட்டி, என்ன ஆச்சு?" என்றாள். அடக்கி வைத்திருந்ததெல்லாம் கொட்டிவிட்டது. ஜெபமலர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஸ்கூட்டர் சாவியை எடுத்தாள். "வா. மொதல்ல ஒனக்கே சந்தேகம் வராம இருக்கணும். நாலு வருஷமாச்சுல்லா, தின்னு பாத்துட்டே போயிருவோம்."

குற்றாலத்தில் சாரல் பிடித்திருந்தது. பஸ் ஸ்டாண்டு பக்கம் எண்ணெய் தேய்க்கிறவர்கள் ஆளுக்கொரு பக்கமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அதே தள்ளுவண்டி அதே இடத்தில் நின்றது. தார்ப்பாய் மட்டும் புதுசு. வண்டிக்காரர் குற்றாலிங்கத்துக்கு முடி நரைத்திருந்தது. உமா ஒரு ஆம்லெட் கேட்டாள். கல்லில் ஊற்றிக்கொண்டே அவர் அவளை இரண்டு மூன்று தடவை பார்த்தார்.

"அம்மா, நீங்க எலெக்ட்ரிக்கல் கடை சார் வீட்டம்மாதான?"

"ஆமா. எப்பிடித் தெரியும்?"

"ஒரு சீசன் பூரா ரெண்டு பேரும் ஒத்தக் குடையில வருவியள்ளா, மறக்குமா? சார்தான் சனிக்கெழம சனிக்கெழம வாராவள்ளா. லாட்ஜுல கீசர் மாட்ட வந்தா இங்கன வராமப் போகமாட்டாவ. டபுள் ஆம்லெட், வெங்காயம் தூக்கலா." அவர் கரண்டியால் ஓரத்தை எடுத்துவிட்டார். "வீட்டம்மாவக் கூட்டிட்டு வரப்பிடாதான்னு நானும் கேப்பேன். அவளுக்கு ஒத்துக்காதும்பாவ."

அவளுக்கு ஒத்துக்காது. டாக்டர் முன்னால் சொன்னதும் அதே வார்த்தைகள்தான். அங்கே உளறவில்லை அவன். வாரா வாரம் சொல்லிப் பழகியிருந்தான்.

தட்டு வந்தது. உமா கடைசித் துணுக்குவரை சாப்பிட்டாள். கண்ணிலிருந்து தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. மிளகுத் தூள் அதிகமாகிவிட்டதோ என்று குற்றாலிங்கம் பதறினார். ஜெபமலர் பக்கத்தில் நின்று அவள் முகத்தை, கையை, உதட்டைப் பார்த்தபடி இருந்தாள். ஒன்றும் வீங்கவில்லை. வீடு திரும்பும்போது உமா ஏலக்காய் கேட்கவில்லை.

ஊசி போட மறுபடி போகவேண்டுமானால் வீட்டில் சொல்லியே ஆகவேண்டும். மாமனார் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: "உசிருக்கு ஆபத்துன்னு தெரிஞ்சி நான் ஒன்ன அனுப்பமாட்டேன்ம்மா. படிப்பு பெறகும் வரும்." அவர் சொன்னது முழுக்க அன்பு. பொய்யின் மேல் நின்று பேசுகிறோம் என்பது அவருக்குத் தெரியாது, அவ்வளவுதான். அவரை வெறுக்கக்கூட அவளால் முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பூக்கூடையை எடுத்துக்கொண்டு நந்தியாவட்டைச் செடிவரை போனாள். கை போகவில்லை. வெறும் கூடையோடு திரும்பி வந்து பூசையறை வாசலில் நின்றாள். ஆவுடைநாயகம் விபூதி குழைத்துக்கொண்டிருந்தார். முத்துவடிவு விளக்குத் துடைத்தாள். பரமேஸ்வரன் கூடத்தில் காப்பி டம்ளரோடு உட்கார்ந்திருந்தான்.

"என்னம்மா, பூ இல்லையா?"

"மாமா, எனக்கு அலர்ஜி ஒண்ணும் கெடையாது. நான் முட்ட சாப்பிட்டிருக்கேன். ஒண்ணும் ஆகல."

முத்துவடிவின் கையிலிருந்து துணி விழுந்தது. "சிவ சிவா" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பெரியவர் விபூதிக் கிண்ணத்தை ஓரமாக நகர்த்தி வைத்தார்.

"எப்பம்மா?"

"முன்னால. ஒங்க தீட்சைக்கு முந்தி. பெறகு தொடல. இப்ப நாலு நாளைக்கு முந்தி ஒருக்க சாப்பிட்டேன், டாக்டர்ட்ட சொல்லதுக்காக."

"யாரு பழக்குனா?"

உமா கூடத்தைப் பார்த்தாள். இரண்டெட்டு தூரத்தில்தான் அவன் இருந்தான். அவன் பெயரைச் சொல்லிவிடலாம். சனிக்கிழமைகளையும் சேர்த்தே சொல்லலாம். நாக்கு நுனிவரை வந்தது. ஆனாலும் காத்திருந்தாள். இத்தனைக்குப் பிறகும், ‘நான்தாம்ப்பா’ என்று அவனாக எழுந்து வருவான் என்ற நப்பாசை கொஞ்சம் மிச்சமிருந்தது. அந்த ஒரு சொல்லுக்கு மொட்டைமாடியை மறந்திருப்பாள், வண்டிக்காரர் சொன்னதையும் மறந்திருப்பாள். பரமேஸ்வரன் டம்ளருக்குள் பார்த்துக்கொண்டிருந்தான். காப்பி அதில் எப்போதோ தீர்ந்திருந்தது.

"யாருமில்ல மாமா. நானாத்தான்" என்றாள்.

ஆவுடைநாயகம் தலையசைத்தார். "மறைக்காம சொன்னியே, அது போதும். போயி ஊசி போட்டுக்கோ. போற காரியம் நல்லபடியா நடக்கட்டும்." நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஆனா பூக்கூடைய இனிமே தொடாத தாயி. என் மனசு ஒப்பல. ஏலே பரமேசு, நீ போயி பூப் பறிச்சிட்டு வா."

பரமேஸ்வரன் எழுந்து வந்தான். அவள் முகத்தைப் பார்க்காமல் கையை மட்டும் நீட்டிக் கூடையை வாங்கினான். முந்தின நாள்தான் சனிக்கிழமை; கடையைச் சீக்கிரமே அடைத்துவிட்டு கீசர் மாட்டக் குற்றாலம் போய் வந்திருந்தான். அதே கையால் நந்தியாவட்டையும் செம்பருத்தியுமாகக் கூடை நிறையப் பறித்துக்கொண்டு வந்து பூசையறைக்குள் போனான். "என் மகன் கை பட்ட பூ" என்று முத்துவடிவு கண்ணைத் துடைத்துக்கொண்டாள். உமா வாசலிலேயே நின்று பார்த்தாள். அந்த நிமிஷத்தில்தான் அவளுக்கு அவன்மேல் இருந்த கோபமும் அற்றுப் போனது. கோபம் போன இடத்தில் வேறு எதுவும் வரவில்லை.

தூத்துக்குடிக்கு ஜெபமலர்தான் கூட வந்தாள். டாக்டரம்மாவுக்கு ஆள் அடையாளம் தெரிந்தது. "அன்னைக்கு உங்க வீட்டுக்காரர் வேற மாதிரி சொன்னாரே?" என்றார். "அவர் சொன்னது பொய் டாக்டர்" என்றாள் உமா. அதைச் சொல்ல இவ்வளவு லேசாக இருக்கும் என்று அவள் நினைத்திருக்கவில்லை. ஊசி எறும்புக் கடி மாதிரி இருந்தது.

கிளம்பும் அன்று சாயங்காலம் தென்காசி ஸ்டேஷனுக்குத் தெருவே வந்துவிட்டது. சென்னை போய், அங்கிருந்து விமானம். மாமனார் நெற்றியில் விபூதி பூசி, "பத்திரமாப் போயிட்டு வா" என்றார். மாமியார் சற்றுத் தள்ளியே நின்றாலும் முறுக்குப் பொட்டலத்தை நீட்டினாள். தெருக்காரர்கள் வழக்கம்போல பரமேஸ்வரனைச் சுற்றி நின்றார்கள். பெட்டியைத் தூக்கி வைத்தான், பூட்டை இழுத்துப் பார்த்தான், பாஸ்போர்ட் எங்கே என்று எல்லாருக்கும் கேட்கக் கேட்டான். "கட்டுனா இப்பிடி ஒருத்தனக் கட்டணும்" என்று யாரோ சொன்னார்கள். ஜெபமலர் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வண்டிக்கு சிக்னல் விழுந்தது. பரமேஸ்வரன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு முகத்தை உள்ளே கொண்டுவந்தான். கண் கலங்கியிருந்தது, அது நடிப்பில்லை என்பதும் அவளுக்குத் தெரிந்தது. குரலைத் தணித்தான்.

"உமா, என்ன இருந்தாலும்… அங்கன எதாவது ஆபத்துன்னா அந்த வார்த்தையச் சொல்லு. நான் எப்பிடியாவது வந்துருவேன்."

"அது செல்லாது" என்றாள் உமா. "வேற வார்த்தை முடிவு பண்ணியாச்சு. ஜெபமலர்கிட்ட."

அவன் கை கம்பியில் இறுகியது. வண்டி மெல்ல நகர்ந்தது. கூடவே நடந்தான்.

"என்ன வார்த்தை?"

அவள் அவன் விரல்களை ஒவ்வொன்றாகக் கம்பியிலிருந்து எடுத்துவிட்டாள். சக்கரத்தில் சிக்கிவிடக் கூடாதே என்று மெல்லத்தான் எடுத்துவிட்டாள்.

"ரெண்டு பேருக்கு மட்டும்தான் தெரியணும் அத்தான்" என்றாள்.